112 பெருசா… 92 பெருசா?

ராத்திரி பதினொன்றரை மணி. எங்கள் கேங்கின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வந்து விழுந்தது. சென்னை நண்பன் அனுப்பியது. மலை மாதிரி ஏறி இறங்கும் ஒரு கிராஃப், அதற்கு மேலே கொட்டை எழுத்தில் ஒரு நம்பர்: 112.

‘‘மச்சி, என் வண்டி 112 குதிரைடா! கம்பெனிக்காரனே 106தான் சொல்றான். இது தெய்வ வண்டி!’’

அடுத்த அரை மணி நேரம் ஒரே கும்மி. கோவை நண்பன் மட்டும் கப்சிப். அவனிடம் இருப்பதும் அதே மாடல், அதே வருஷம், அதே பெட்ரோல் எஞ்சின். அப்பா செகண்ட்ஹேண்டில் வாங்கிக் கொடுத்தது. இவனுக்கும் ஆசை வந்தது. மறுநாளே கோவையில் ஒரு ஷெட்டில் வண்டியை டைனோவில் ஏற்றினான். வந்த நம்பர்… 92.

இருபது குதிரை எங்கே ஓடிப்போச்சு?

பையன் ரெண்டு நாள் சாப்பிடவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? ‘பழைய ஓனர் எஞ்சினைக் கெடுத்துட்டான்’ என்று முடிவே கட்டிவிட்டான். லீவு நாளில் ஈவன்ட் வேலைக்குப் போய், ஸ்கூல் பசங்களுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த 38,000 ரூபாய் அவனிடம் இருந்தது. ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட், இ.சி.யூ. ரீமேப் என்று ஒரு லிஸ்ட் போட்டு, மொத்தத்தையும் கொட்டத் தயாராகிவிட்டான்.

நல்லவேளை, ஷெட்டில் டைனோ ஓட்டும் அண்ணன் ஒரு கேள்வி கேட்டார்.

‘‘தம்பி, உங்க ஃப்ரெண்டோட ஷீட்ல பெரிய நம்பரைப் பார்த்தீங்க சரி… மூலையில சின்ன எழுத்துல இருக்கறதைப் படிச்சீங்களா?’’

அந்தச் சின்ன எழுத்தில்தான் மொத்தக் கதையும் இருந்தது. வாங்க, படிப்போம்!

முதல்ல… டைனோன்னா என்ன?

முழுப் பெயர் டைனமோமீட்டர். எஞ்சினின் சக்தியை அளக்கிற தராசு என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘குதிரை சக்தி’ என்ற அளவு ஜேம்ஸ் வாட் காலத்தது. ஒரு குதிரை ஒரு நிமிஷத்தில் 33,000 பவுண்டு எடையை ஒரு அடி உயரம் தூக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். இன்றைய கணக்கில் அது 745.7 வாட்.

அளக்கும் கருவியும் பழசுதான். 1821-ல் பிரான்ஸைச் சேர்ந்த காஸ்பார் டி ப்ரோனி, சுழலும் தண்டைக் கட்டையால் இறுக்கிப் பிடித்து, அது எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று அளந்தார். 1877-ல் இங்கிலாந்தின் வில்லியம் ஃப்ரூட் அதே வேலையைத் தண்ணீரை வைத்துச் செய்தார். நீங்கள் கார் பிரோஷரில் பார்க்கிற ‘பி.எச்.பி.’யில் முதல் ‘பி’ இருக்கிறதே, அது பிரேக்! அதாவது, பிரேக் போட்டு அளந்த குதிரை சக்தி.

கம்பெனியில் எஞ்சினைக் காரிலிருந்து தனியாக வைத்து அளப்பார்கள். நம்மால் அது முடியாது. அதனால் காரை அப்படியே உருளை மேல் ஏற்றி, பெல்ட் போட்டுக் கட்டி, முன்னால் பெரிய ஃபேன் வைத்து, ஃபோர்த் கியரில் ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதிப்பார்கள். கார் நகராது. சக்கரம் உருளையைச் சுற்றும். ஷெட்டே அதிரும்! அதுதான் ‘சேஸிஸ் டைனோ’.

இங்கேதான் முதல் குழப்பம் ஆரம்பம். ஏனென்றால், எல்லா டைனோவும் ஒரே மாதிரி இல்லை.

மூணு வகைத் தராசு

முதல் வகை, இனர்ஷியா டைனோ. அமெரிக்காவின் டைனோஜெட் கம்பெனி இதைப் பிரபலமாக்கியது. இதில் பிரேக்கே கிடையாது, கனமான உருளை மட்டும்தான். உருளையின் நிலைமம் எவ்வளவு என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். கார் அதை எவ்வளவு சீக்கிரம் வேகப்படுத்துகிறது என்று பார்த்து, சக்தியைக் கணக்குப் போட்டுவிடும். ப்ளஸ் டூ பிசிக்ஸ்தான் பாஸ், வேறு மந்திரம் இல்லை!

ரெண்டாவது, லோடு டைனோ. உருளையோடு மின்காந்தப் பிரேக் சேர்ந்திருக்கும். பஸ், லாரிகளில் ரிடார்டர் என்று ஒன்று இருக்கிறதே, கிட்டத்தட்ட அதே சமாசாரம். மேட்டில் ஏறுவது மாதிரி எஞ்சினுக்குச் சுமை கொடுக்கலாம், 3,000 ஆர்.பி.எம்.மிலேயே பிடித்து நிறுத்தியும் வைக்கலாம். டியூன் பண்ணுகிறவர்களுக்கு இது வசதி. ஆனால், காரின் எடை, காற்றின் எதிர்ப்பு என்று ஆபரேட்டர் உள்ளே கொடுக்க வேண்டிய விவரங்கள் அதிகம். அதில் கை வைத்தால் விடையும் மாறும்.

மூணாவது, ஹப் டைனோ. சக்கரத்தையே கழற்றிவிட்டு, ஹப்பில் நேராகக் கருவியை மாட்டுவார்கள். டயர் வழுக்காது, டயரின் உராய்வில் சக்தி வீணாகாது. அதனால் உருளையில் அளப்பதைவிட நம்பர் கொஞ்சம் கூடுதலாக வரும்.

ஆக, ஒரே கார், ஒரே நாள், மூன்று டைனோ என்றால் மூன்று நம்பர் வரலாம். மூன்றுமே பொய் இல்லை!

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லட்டுமா? அட்டானமஸ் காலேஜில் 85 பர்சென்ட் வாங்கினவனும், யுனிவர்சிட்டி பேப்பரில் 75 வாங்கினவனும் பக்கத்தில் நின்றால் யார் கெட்டிக்காரன்? கொஸ்டின் பேப்பர் வேற, திருத்தினவர் வேற. மார்க்கை மட்டும் வைத்து என்ன சொல்ல முடியும்? டைனோ ஷீட்டும் அப்படித்தான்.

எஞ்சினா? சக்கரமா?

ரெண்டாவது குழப்பம் இதைவிடப் பெருசு. பிரோஷரில் இருப்பது எஞ்சின் தண்டில் அளந்த சக்தி. டைனோ அளப்பது சக்கரத்துக்கு வந்து சேர்ந்த சக்தி. நடுவில் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஆக்ஸில், டயர் என்று ஆளாளுக்குக் கமிஷன் அடித்துவிடுவார்கள். முன்சக்கர டிரைவ், மேனுவல் கியர் என்றால் கமிஷன் கம்மி. ஃபோர் வீல் டிரைவ் என்றால் கூடுதல்.

இப்போ கஸ்டமர் வந்து, ‘‘என் வண்டி 106ன்னு போட்டிருக்கான், இங்கே 90தான் காட்டுது’’ என்று மூஞ்சியைத் தொங்கப்போடுவார். அதனால் பல ஷெட்டுகளில் சக்கர நம்பரை வைத்து எஞ்சின் நம்பரை ‘ஊகித்து’ கொடுப்பார்கள். ‘15 சதவிகிதம் வழியிலே போயிடும்’ என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போடுவது ரொம்பச் சாதாரணம். ஆனால், எல்லாக் காருக்கும் சரியாக 15 என்று எந்தச் சட்டமும் இல்லை.

சில டைனோக்களில் இன்னொரு வழி உண்டு. ஓட்டி முடித்ததும் கிளட்ச்சை மிதித்து, சக்கரங்கள் தானாக வேகம் குறைவதைப் பார்த்து இழப்பை அளப்பார்கள். 15 என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவதற்கு இது தேவலாம். ஆனாலும், ஃபுல் லோடில் ஆகிற இழப்பும், சும்மா உருளும்போது ஆகிற இழப்பும் ஒன்றல்ல.

வெயிலும் ஒரு கஸ்டமர்!

எஞ்சின் குடிப்பது பெட்ரோல் மட்டுமா? காற்றும்தான். காற்று சூடானால் லேசாகும். ஒரு மூச்சில் உள்ளே போகிற ஆக்ஸிஜன் குறையும், சக்தியும் குறையும். மே மாச மத்தியானம் சென்னையில் 40 டிகிரியில் அளப்பதும், மார்கழிக் காலையில் 24 டிகிரியில் அளப்பதும் ஒன்றாகுமா? டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினுக்கு இந்த ரெண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 3 சதவிகிதம் வித்தியாசம் வரும். 100 குதிரையில் 3 குதிரை, வெறும் வெயிலால் அவுட்!

உயரமும் அப்படித்தான். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சென்னையைவிட நாலைந்து சதவிகிதம் கம்மி. ஊட்டி 2,240 மீட்டர். டர்போ இல்லாத கார் அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். டூர் போனபோது கடைசிப் பெண்டில் வண்டி மூச்சு வாங்கியதே, ஞாபகம் இருக்கா? உள்ளே இருந்த எட்டு பேர் மட்டும் காரணம் இல்லை!

இதைச் சரிக்கட்டத்தான் ‘கரெக்‌ஷன் ஃபேக்டர்’. அன்றைய வெப்பம், அழுத்தம், ஈரப்பதம் மூன்றையும் வைத்து, ‘ஸ்டாண்டர்டு வானிலையாக இருந்திருந்தால் இந்த வண்டி எவ்வளவு கொடுத்திருக்கும்?’ என்று மாற்றிச் சொல்வது. நல்ல ஐடியாதான். ஆனால், எந்த ஸ்டாண்டர்டு என்பதில் உலகமே ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. ஜே1349 விதி, 25 டிகிரியையும் 990 மில்லிபார் உலர்காற்று அழுத்தத்தையும் வைத்துக்கொள்கிறது. ஜெர்மனியின் பழைய டின் விதிக்கு 20 டிகிரி, 1,013 மில்லிபார்.

ஷீட்டில் ‘எஸ்.டி.டி.’ என்று இருந்தால், ஒரு காலத்தில் தெருமுனையில் இருந்த மஞ்சள் போர்டு பூத்தை நினைக்காதீர்கள். அது இன்னொரு பழைய ஸ்டாண்டர்டு. சுமார் 15.5 டிகிரி குளிர்காற்றை வைத்து மாற்றுவது. அதே ஓட்டத்துக்கு எஸ்.ஏ.இ.யைவிட எஸ்.டி.டி. சுமார் 4 சதவிகிதம் கூடுதலாகக் காட்டும். காரில் ஒரு போல்ட்டைக்கூடத் தொட வேண்டாம், மெனுவில் ஒரு கிளிக் போதும். 4 குதிரை ஃப்ரீ!

டர்போ கார் வைத்திருப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். காற்று மெலிந்தால், டர்போ தானே கூடுதலாக உழைத்து ஓரளவு சமாளித்துவிடும். அதற்கு மேலே முழுக் கரெக்‌ஷனையும் போட்டால், இல்லாத குதிரைகள் எல்லாம் லாயத்தில் வந்து நிற்கும்.

எச்.பி.யும் பி.எஸ்.ஸும் அண்ணன் தம்பி இல்லீங்க!

நம்ம ஊர் பிரோஷர்களில் ஒரு கம்பெனி பி.எச்.பி. என்று போடும், இன்னொன்று பி.எஸ். என்று போடும். ரெண்டும் ஒன்றல்ல. 75 கிலோவை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் தூக்கினால் ஒரு பி.எஸ். அது 735.5 வாட்தான். ஆக 100 எச்.பி. என்பது 101.4 பி.எஸ். வித்தியாசம் சின்னதுதான். ஆனால், இந்த மாதிரி சின்னச் சின்ன வித்தியாசங்கள் ஒரே பக்கமாகச் சேர்ந்தால் என்ன ஆகும்?

அதைத்தான் அந்த டைனோ அண்ணன் ஒரு டீ கிளாஸ் பக்கத்தில் பேப்பர் வைத்துப் போட்டுக் காட்டினார்.

112-ஐ உரிப்போமா?

சென்னை ஷீட்டின் மூலையில் இருந்தது மூன்று விஷயங்கள். யூனிட்: பி.எஸ். கரெக்‌ஷன்: எஸ்.டி.டி. இழப்பு: 15 சதவிகிதம் சேர்த்தது. கோவை ஷீட்டில் இருந்தது: எச்.பி., எஸ்.ஏ.இ., சக்கரத்தில்.

இப்போ சென்னை நம்பரைக் கோவை பாஷைக்கு மாத்துங்க.

112 பி.எஸ். என்றால் 110.5 எச்.பி.

எஸ்.டி.டி.யிலிருந்து எஸ்.ஏ.இ.க்கு வர 1.04-ஆல் வகுத்தால், சுமார் 106.

அதில் சேர்த்திருக்கிற 15 சதவிகிதத்தைக் கழித்தால், சக்கரத்தில் சுமார் 90.

அதாவது, ‘தெய்வ வண்டி’ 90. ‘கெட்டுப்போன வண்டி’ 92!

‘‘அப்போ என் வண்டிதான் பெருசா!’’ என்று கோவைப் பையன் துள்ளிக் குதித்தான். அண்ணன் சிரித்தார். ‘‘ரெண்டு நம்பருக்கும் நடுவுல டைனோ வேற, ஊர் வேற, நாள் வேற. ஒரே டைனோவுல ஒரே வண்டியை அடுத்தடுத்து ஓட்டினாலே ஒண்ணு ரெண்டு குதிரை முன்னே பின்னே வரும் தம்பி. உங்களுதும் அவருதும் ஒண்ணுதான். வீட்டுக்குப் போங்க.’’

106 பி.எஸ். என்று கம்பெனி சொல்வது 104.5 எச்.பி. அதில் சக்கரத்துக்கு 92 வந்தால் வழியில் போனது சுமார் 12 சதவிகிதம். ஆரோக்கியமான எஞ்சின்!

கவனியுங்கள், இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. சென்னை ஷெட் தன் விவரங்களை எல்லாம் அச்சடித்தே கொடுத்திருக்கிறது. படிக்காதது நம்ம தப்பு!

டைனோ ஜெயித்த கதைகள்

‘அப்போ டைனோவே டுபாக்கூரா?’ என்று கேட்காதீர்கள். ஒழுங்காகப் பயன்படுத்தினால் பெரிய கம்பெனிகளையே பதில் சொல்ல வைக்கும்.

1999. அமெரிக்காவில் ஃபோர்டு, மஸ்டாங் கோப்ரா காரை 320 குதிரை என்று சொல்லி விற்றது. முந்தைய மாடல் 305. புதுசு வாங்கியவர்களுக்கோ, கூடுதல் 15 குதிரை எங்கேயும் தட்டுப்படவே இல்லை. காரை டைனோவில் ஏற்றினார்கள். எதிர்பார்த்த நம்பர் வரவில்லை. ஒருத்தர் ரெண்டு பேர் என்றால் ‘உங்க டைனோ சரியில்லை’ என்று சொல்லிவிடலாம். பல பேர், பல இடம், எல்லாமே ஒரே பக்கம் கை காட்டினால்? ஆகஸ்ட் மாதம் ஃபோர்டு விற்பனையை நிறுத்தியது. விற்ற கார்களைத் திரும்ப அழைத்து, காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டு, எக்ஸாஸ்ட் எல்லாம் மாற்றி, கம்ப்யூட்டர் புரோகிராமையும் திருத்திக் கொடுத்தது. 2000-ம் வருஷத்துக்கு வழக்கமான கோப்ரா மாடலே வரவில்லை.

2001-ல் மாஸ்டா மியாட்டா. அமெரிக்காவில் 155 என்று விளம்பரம், அப்புறம் 142 என்று திருத்தம். ‘வேண்டாம்னா காரை நாங்களே திரும்ப எடுத்துக்கறோம்’ என்றது கம்பெனி. 2003-ல் அதே மாஸ்டாவின் ஆர்.எக்ஸ்.8, 247-லிருந்து 238-க்கு இறங்கியது. 2002-ல், அமெரிக்காவில் விற்ற பல மாடல்களுக்குக் கூடுதலாகக் குதிரை சக்தி சொல்லிவிட்டதாக ஹூண்டாயும் ஒப்புக்கொண்டது.

இதற்குப் பிறகுதான், 2005-ல் எஸ்.ஏ.இ. ஒரு புது விதி கொண்டுவந்தது: ஜே2723. ‘நாங்க சோதிச்சுட்டோம்’ என்று கம்பெனி சொன்னால் மட்டும் போதாது. பக்கத்தில் ஒரு சாட்சி நின்று பார்த்தால்தான் ‘சர்ட்டிஃபைடு’ என்று போட்டுக்கொள்ளலாம். எக்ஸாம் ஹாலுக்கு எக்ஸ்டெர்னல் வருகிற மாதிரி! முதலில் பாஸானது 2006 கார்வெட் இசட்06-ன் எஞ்சின், 505 குதிரை.

விதிகளை இறுக்கியதும் நடந்த தமாஷைக் கேளுங்கள். டொயோட்டா கேம்ரியின் 3 லிட்டர் வி6, 210-லிருந்து 190 ஆனது. எஞ்சின் அதேதான்! காடிலாக் எஸ்.டி.எஸ்.-வி மாடலோ 440 என்று சொல்லியிருந்தார்கள், அளந்தால் 469. காரில் ஒரு போல்ட்கூட மாறவில்லை. அளக்கிற விதம்தான் மாறியது. உலகின் பெரிய கம்பெனிகளுக்கே 20 குதிரை இப்படி வரும், போகும் என்றால், நம்ம வாட்ஸ்அப் குரூப் எம்மாத்திரம்?

நம்பரைச் சமைப்பது எப்படி?

எல்லா ஷெட்டும் அப்படி இல்லை. ஆனால் ‘முன்னே - பின்னே’ ஷீட் காட்டி காசு கேட்கும்போது இதையெல்லாம் தெரிந்து வைத்திருப்பது பாக்கெட்டுக்கு நல்லது.

முதல் ஓட்டம், டிராஃபிக்கில் வந்து கொதித்துக்கொண்டிருக்கும் எஞ்சினில், பானெட் மூடி. பார்ட்ஸ் மாட்டிய பிறகு ஓட்டம், எஞ்சின் ஆறிய பிறகு, பானெட் திறந்து, ஃபேன் ஃபுல் ஸ்பீடில். பார்ட்ஸே மாட்டாவிட்டாலும் நம்பர் ஏறும்!

முதலில் தேர்டு கியர், அப்புறம் ஃபோர்த் கியர். இனர்ஷியா டைனோவில் கீழ் கியரில் எஞ்சின் படுவேகமாகச் சுழன்று ஏறும். தன்னைத்தானே வேகப்படுத்திக்கொள்ளவே கொஞ்சம் சக்தியைத் தின்றுவிடும், அதனால் நம்பர் குறையும். கனமான அலாய் வீல் மாட்டினாலும் இதே கதைதான்.

டயரில் காற்று கம்மி, கட்டிய பெல்ட் ரொம்ப இறுக்கம் என்றால் நம்பர் இறங்கும். வெப்பம் அளக்கும் சென்ஸாரை எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்தால், கம்ப்யூட்டர் ‘ஐயோ பாவம், என்ன வெயில்!’ என்று நினைத்துக் கரெக்‌ஷனைக் கூட்டிக் கொடுத்துவிடும்.

கிராஃபில் ‘ஸ்மூத்திங்’ என்று ஒன்று உண்டு. அதைக் குறைத்தால் கோடு ரம்பம் மாதிரி வரும். அந்த ரம்பத்தின் ஒரு பல் நுனியைப் பிடித்து ‘இதுதான் பீக்’ என்பார்கள். அது எஞ்சினின் சக்தி இல்லை, வெறும் குலுக்கல்.

இன்னொரு சூப்பர் டெஸ்ட்! டார்க்கையும் ஆர்.பி.எம்.மையும் பெருக்கி ஒரு எண்ணால் வகுத்தால் குதிரை சக்தி. டார்க் நியூட்டன் மீட்டரில் இருந்தால் அந்த எண் 7,121. பவுண்டு-அடியில் இருந்தால் 5,252. ஷீட்டில் 6,000 ஆர்.பி.எம்.மில் 110 நியூட்டன் மீட்டர் என்று இருந்தால், சக்தி 92.7 எச்.பி.தான் வர வேண்டும். அங்கே 105 என்று இருந்தால், ‘அண்ணா, கணக்கு இடிக்குதே’ என்று தாராளமாகக் கேட்கலாம்.

ஷெட்டில் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. இது சக்கரத்தில் அளந்ததா, எஞ்சினுக்கு மாற்றியதா? மாற்றியது என்றால் எப்படி?

2. யூனிட் எச்.பி.யா, பி.எஸ்.ஸா?

3. கரெக்‌ஷன் எஸ்.ஏ.இ.யா, எஸ்.டி.டி.யா, டின்னா? கரெக்‌ஷன் போடாத நம்பர் என்ன?

4. அன்றைய வெப்பம், அழுத்தம், ஈரப்பதம் ஷீட்டில் இருக்கா?

5. எந்த கியர்? ரெண்டு ஓட்டத்துக்கும் அதே கியரா?

6. குறைந்தது மூன்று முறை ஓட்டினீர்களா? மூன்றும் எவ்வளவு நெருக்கமாக வந்தது?

7. ஸ்மூத்திங் ரெண்டு ஷீட்டிலும் ஒன்றா?

ஏழுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற ஷெட் கிடைத்தால் விடாதீர்கள். நம்பர் குறைவாகக் காட்டினாலும் பரவாயில்லை, அங்கேயே போங்கள். வெயிட் குறைக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? ஒரே மெஷினில்தான் வாராவாரம் ஏறி நிற்பார்கள். அந்த மெஷின் ரெண்டு கிலோ தப்பாகவே காட்டட்டும். போன மாசத்துக்கு இந்த மாசம் எவ்வளவு இறங்கியது என்பது சரியாகத் தெரிந்துவிடும். டைனோவும் அதே மாதிரிதான். ஒரே டைனோ, ஒரே செட்டிங், முன்னே எவ்வளவு, பின்னே எவ்வளவு. அந்த வித்தியாசத்தை மட்டும் நம்புங்கள்.

ஃபார்முலா ஸ்டூடண்ட் டீமில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். உங்கள் பெட்ரோல் எஞ்சின் 20 மில்லிமீட்டர் ரெஸ்ட்ரிக்டர் வழியாகத்தான் மூச்சு விட வேண்டும். ஒரு இன்டேக் டிசைனில் ஒரு குதிரை கூடினாலே பெரிய விஷயம். போன செமஸ்டர் ஒரு ஊரில், இந்த செமஸ்டர் இன்னொரு ஊரில் அளந்துவிட்டு, ‘எங்க டிசைன் 5 குதிரை கூட்டிடுச்சு’ என்று ரிப்போர்ட்டில் எழுதினால், ஜட்ஜ் முதலில் கேட்கப்போவது ‘எந்த டைனோ?’ என்றுதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ரீமேப் பண்ணினால் கம்பெனி வாரண்டி கைவிட்டுப் போக வாய்ப்பு அதிகம். பதிவில் இருக்கிற விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. நம்பரை நிரூபிக்கிறேன் பேர்வழி என்று இ.சி.ஆர்.-ல் ரேஸ் விடவும் வேண்டாம். அதற்குத்தான் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரியிலும் டிராக் இருக்கிறது.

கடைசியில் என்ன ஆச்சு?

போன தீபாவளி லீவுக்குச் சென்னைக்காரன் கோவை வந்தான். வண்டியோடு! ரெண்டு காரும் ஒரே நாள், ஒரே டைனோ, ஒரே கியர், டயரில் ஒரே காற்று. ஆளுக்கு மூன்று ஓட்டம். நாங்கள் ஆறு பேர் காதைப் பொத்திக்கொண்டு நின்றோம்.

கோவை வண்டி: 91.4, 92.0, 91.1.

சென்னை வண்டி: 90.8, 91.6, 91.9.

கிராஃபை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தபோது, எது யாருடைய கோடு என்று அண்ணனுக்கே ஸ்க்ரீனில் கலரைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

38,000 ரூபாயா? ஷெட்டில் வண்டியைத் தூக்கி வைத்திருந்தபோதுதான் டயர்கள் நாலும் மொட்டையாகத் தேய்ந்திருப்பதைக் கவனித்தோம். 92 குதிரையும் ரோட்டைத் தொடுவது அந்த நாலு உள்ளங்கை அகலத்தில்தானே! நாலு புது டயர், முன்பக்க பிரேக் பேட், வீல் அலைன்மென்ட். மிச்சப் பணம் பேங்க்கில் பத்திரமாக இருக்கிறது. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான்!

சென்னைக்காரன் அந்த 112 ஷீட்டைக் கிழிக்கவில்லை. இன்னமும் ஹாஸ்டல் சுவரில்தான் ஒட்டியிருக்கிறான். கீழே மட்டும் பேனாவில் ஒரு வரி சேர்த்திருக்கிறான்…

‘பி.எஸ்., எஸ்.டி.டி., எஞ்சின் கணக்கு. சக்கரத்தில் 91.’